360 டிகிரி ஃபீட்பேக்கா, மேலாளர் ரேட்டிங்கா? பெங்களூருச் சின்னக் கம்பெனிகளுக்கு ஓர் ஒப்பீடு

பெங்களூரில் இருபது முதல் ஐம்பது பேர் வரை வைத்துத் தொழில் நடத்தும் தமிழர்கள் அப்ரைசல் (ஆண்டு வேலை மதிப்பீடு) மாதம் நெருங்கும்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பெரிய கம்பெனிகளில் மேலே, கீழே, பக்கத்தில் என்று எல்லாரிடமும் ஒருவரைப் பற்றிக் கேட்டு அறிக்கை கொடுக்கிறார்கள். நாங்களும் அந்த 360 டிகிரி முறையைக் கொண்டு வரலாமா, இல்லை மேலாளர் ரேட்டிங் போடும் பழைய வழியே போதுமா?" கேட்பவர்களில் கோரமங்களாவில் மென்பொருள் நிறுவனம் வைத்திருப்பவரும் உண்டு, பீன்யாவில் சிஎன்சி மெஷின் ஓட்டும் பட்டறைக்காரரும் உண்டு.

இரண்டில் ஒன்று என்று நினைப்பதால்தான் முடிவு இழுத்துக்கொண்டே போகிறது. இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி, அவர்களுக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் மட்டும் கேட்பது ஒன்று. படிவமே இல்லாமல் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது இன்னொன்று. நான்கையும் சேர்த்தே பார்ப்போம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாற்பது பேருக்குக் கீழே உள்ள இடத்தில் முழு 360 டிகிரி தேவைப்படுவது அபூர்வம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, இந்தத் தகவல் எதற்கு? சம்பள உயர்வை முடிவு செய்யவா, ஆள் தன்னைத் திருத்திக்கொள்ளவா? "இரண்டுக்கும்தான்" என்பார்கள் பலர். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். பக்கத்து சீட் நண்பனின் இன்கிரிமென்ட் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் யாரும் குறையை எழுதமாட்டார்கள். பகை இருந்தால், இல்லாத குறையையும் எழுதுவார்கள். வளர்ச்சிக்காகக் கேட்பதும் பணத்துக்காகக் கேட்பதும் இரண்டு வேறு வேலைகள். ஒரே படிவத்தில் இரண்டையும் செய்தால் இரண்டுமே கெடும்.

இரண்டாவது, எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? மூன்றாவது, மொத்தம் எத்தனை மணி நேரம் போகும்? நான்காவது, எந்த மொழியில் கேட்கிறோம்? இதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை, ஆனால் பெங்களூரில் இதுதான் பல முயற்சிகளைக் கவிழ்க்கிறது. ஐந்தாவது, கருத்து கைக்கு வந்த பிறகு அந்த ஆளோடு உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கருத்துச் சொன்னாலே ஆள் மேம்படுவார் என்று எல்லாரும் நம்புகிறோம். க்ளூகர், டெனிசி என்ற இரு உளவியலாளர்கள் 1996இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சமயங்களில், கருத்துச் சொன்ன பிறகு வேலையின் தரம் குறைந்திருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பத் திரும்பப் பலன் குறைகிறது என்பது அவர்கள் கண்ட இன்னொரு விஷயம். ஆக, கருத்துக் கேட்பது செலவில்லாத நல்ல காரியம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிட்டு மேலே போகலாம்.

## மேலாளர் மட்டும் போடும் ரேட்டிங்

இதற்கு இப்போது கெட்ட பெயர். ஆனால் இதில் ஒரு நேர்மை உண்டு: முடிவு எடுத்தவர் யார் என்று தெரியும், அவரிடம் போய்க் காரணம் கேட்கலாம். "கமிட்டி முடிவு செய்தது" என்று யாரும் நழுவ முடியாது. செலவும் குறைவு. சம்பளத்தை முடிவு செய்ய, குறைகளோடு சேர்த்தே, நான் இதைத்தான் சொல்வேன்.

குறை என்ன? ஒருவருடைய பார்வை. 2000இல் ஸ்கல்லன், மவுண்ட், காஃப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஆயிரக்கணக்கான மேலாளர்களுக்குப் பலரும் போட்ட மதிப்பெண்களில் காணப்பட்ட வேறுபாட்டில் பாதிக்கும் மேல், மதிப்பெண் போட்டவரின் சொந்தப் போக்கிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. தாராளக்காரர் எல்லாருக்கும் 4 போடுவார், கறார்க்காரர் யாருக்கும் 3-ஐத் தாண்டமாட்டார். காகிதத்தில் இருக்கும் எண் வேலை செய்தவரைவிட எண் போட்டவரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு, ரகசியம். தேவ் தத் என்ற அரசு அதிகாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்த அதிகாரியின் வருடாந்தரக் குறிப்பில் இருந்தது திட்டு அல்ல, 'நன்று' என்ற பதிவு. பதவி உயர்வுக்குத் தேவைப்பட்டது 'மிக நன்று'. அது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு பதிவையும் அரசு ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தனியார் நிறுவனத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் அதில் உள்ள நியாயம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். ரேட்டிங் போடுகிறீர்களா, காரணத்தை நாலு வரி எழுதி அந்த ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், இத்தனை பேருக்குத்தான் உயர் கிரேடு, இத்தனை பேர் கடைசியில் விழுந்தே ஆக வேண்டும் என்ற வளைகோட்டை முப்பது பேர் கம்பெனியில் கொண்டு வராதீர்கள். மைக்ரோசாஃப்டே 2013இல் அதைக் கைவிட்டது.

## முழு 360 டிகிரி

ஒருவரைப் பற்றி அவருடைய மேலாளர், சக ஊழியர்கள் இரண்டு மூன்று பேர், கீழே வேலை செய்பவர்கள் இரண்டு மூன்று பேர், சில இடங்களில் வாடிக்கையாளர் என்று எல்லாப் பக்கமும் கேட்பார்கள். அவரும் தன்னைப் பற்றி நிரப்ப வேண்டும். பெயர்களை மறைத்து, சராசரியும் கருத்துகளும் அவர் கைக்கு வரும்.

இதன் உண்மையான பலம் சராசரியில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. "மற்றவர் சொல்வதைக் கேட்கிறேன்" என்ற வரிக்கு ஒரு டீம் லீட் (குழுத் தலைவர்) தனக்குத் தானே 5 போட்டிருக்கிறார், கீழே உள்ளவர்கள் 2 போட்டிருக்கிறார்கள் என்றால், அந்த ஒரு வரி அவரை உலுக்கும். மேலே 'எஸ் சார்' என்று குழைந்து கீழே எரிந்து விழும் ஆளை மேலாளர் ஒருவரின் பார்வையால் கண்டுபிடிக்கவே முடியாது. அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க இதுபோல் வேறு கருவி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சரி, பலன் எவ்வளவு? ஸ்மிதர், லண்டன், ரெய்லி மூவரும் 2005இல் 24 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த முன்னேற்றம் பொதுவாகச் சிறியது. மாற வேண்டும் என்று தானே உணர்ந்தவர், இலக்கு வைத்துக்கொண்டவர், அதற்காக ஏதாவது செய்தவர் ஆகியோரிடம்தான் மாற்றம் கூடுதலாகத் தெரியும் என்பது அவர்கள் வாதம். அறிக்கையை மெயிலில் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டால் ஒன்றும் நடக்காது.

இனி, விலைப்பட்டியலில் வராத செலவுகள்.

நேரம். 25 பேர் கம்பெனி, ஆளுக்கு 6 பேர் கருத்து என்றால் 150 படிவங்கள். ஒன்றை யோசித்து நிரப்ப அரை மணி என்று வைத்தாலும் 75 மணி நேரம். ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேச ஒரு மணி என்றால் இன்னும் 25. மொத்தம் 100 மணி நேரம், அதுவும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் அதே வாரங்களில். நடைமுறையில் என்ன நடக்கும்? கடைசி நாள் மாலை அவுட்டர் ரிங் ரோட்டில் கேபில் உட்கார்ந்து போனிலேயே எல்லாவற்றுக்கும் 4 தட்டிவிடுவார்கள். 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி' (கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்) என்ற ஊர்ப் பழக்கம் ரேட்டிங்கிலும் உண்டு.

பெயர் மறைவு. ஒரு பிரிவில் குறைந்தது மூன்று பேர் பதில் தந்தால்தான் முடிவைக் காட்டுவது என்பது வழக்கமான ஏற்பாடு. டீம் லீடுக்குக் கீழே இருப்பதே மூன்று பேர் என்றால்? யார் எழுதியது என்று ஊகிக்க ஒரு பை டூ காபி நேரம் போதும். மேலாளரின் கருத்து எப்படியும் மறையாது, அவர் ஒருவர்தானே.

உறவு. வாணியம்பாடியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்து வேலைக்குச் சேர்ந்த பையன் தன் லீடை 'அண்ணா' என்று கூப்பிடுகிறான். தங்குவதற்கு பி.ஜி. பார்த்துக் கொடுத்தவர் அந்த அண்ணாதான். அவருக்கு அவன் 2 போடுவானா? போடமாட்டான், போடக்கூடாது என்றுகூட நினைப்பான். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த உறவுக்கு அவன் காட்டும் விசுவாசம் அது. ஆனால் உங்கள் அறிக்கையில் அது 5 ஆக ஏறிவிடும். கருத்துச் சொல்ல வேண்டியவர்களை அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டால் இது இன்னும் மோசமாகும். மதியம் ஒன்றாகச் சாப்பிடும் தமிழ் மேசை தமிழ் மேசைக்கு எழுதும், தெலுங்கு மேசை தெலுங்கு மேசைக்கு எழுதும், கன்னட மேசையும் அப்படியே. ஆறு பேர் பார்த்தது போலத் தோன்றும், பார்த்தது ஒரே கோணம்.

மொழி. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். காபி குடிக்கும்போது தமிழில் "மீட்டிங்கில் அவர் யாரையும் வாயைத் திறக்க விடமாட்டார், அதனால்தான் போன ரிலீஸில் இருந்த தவறை யாரும் சொல்லவில்லை" என்று தெளிவாகப் பேசுகிறவர், படிவத்தில் 'கேட்கும் திறனை மேம்படுத்திக்கொள்ளலாம்' என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலம் எழுதிவிட்டுப் போவார். சம்பவம் போய்விட்டது, காரணம் போய்விட்டது, மிஞ்சியது அறிவுரை. அதை வைத்துக்கொண்டு அந்த லீட் எதைத் திருத்துவார்? இப்போது ஏஐ கருவியிடம் கொடுத்து வரியை மெருகேற்றுகிறார்கள். மிச்சமிருந்த உண்மையும் அதில் கரைந்துவிடுகிறது.

அப்படியானால் அவரவர் தாய்மொழியில் எழுதலாம் என்று திறந்துவிடலாமா? தாராளமாக, ஒரு நிபந்தனையோடு. எட்டுப் பேர் குழுவில் தமிழர் ஒருவர்தான் என்றால், தமிழில் வந்த கருத்து கையெழுத்துப் போட்ட கடிதம்தான். ஒரு மொழிக்கு நாலு பேராவது இல்லாத இடத்தில் எழுத்தையே விட்டுவிட்டு, மூன்றாம் ஆள் ஒருவர் தனித்தனியாகப் பேசிக் கேட்டு, தன் வார்த்தையில் தொகுத்துத் தருவதுதான் சரி. பீன்யா பட்டறைக்கு இது இன்னும் பொருந்தும். ஷிப்டில் தமிழ்நாட்டு ஆபரேட்டர், வட கர்நாடகத்துக்காரர், ஒடிசா, பிகார் பையன்கள் என்று கலந்து இருக்கும் இடத்தில் ஆங்கிலப் படிவம் நீட்டினால், அதைச் சூப்பர்வைசரிடமே கொடுத்து நிரப்பித் தரச் சொல்வார்கள். சூப்பர்வைசரைப் பற்றிய படிவத்தையும் சேர்த்துத்தான்.

பெரிய அமைப்புகளும் இதில் தடுமாறியிருக்கின்றன. மத்திய அரசு, இணைச் செயலாளர் முதலான உயர்பதவிகளுக்கு அதிகாரிகளைப் பட்டியலிட 2015இல் பலரிடம் கருத்துக் கேட்கும் முறையைக் கொண்டு வந்தது. 2017இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதை வெளிப்படைத்தன்மை இல்லாதது, அவரவர் விருப்பு வெறுப்புக்கு இடம் தருவது என்று விமர்சித்தது. பதவி உயர்வோடு கட்டிய 360 டிகிரி எப்படிச் சந்தேகத்தை வளர்க்கும் என்பதற்கு நல்ல உதாரணம்.

மறுபக்கம் எச்.சி.எல். டெக்னாலஜீஸ். அதன் தலைவராக இருந்த வினீத் நாயர், தன்னைப் பற்றிய 360 டிகிரி முடிவுகளை நிறுவனத்தின் உள் இணையத்தில் எல்லா ஊழியர்களும் பார்க்கும்படி போட்டார். மற்ற மேலாளர்களும் பின்தொடர்ந்தார்கள். முறையைவிட வரிசைதான் முக்கியம்: முதலில் வெளியே வைக்கப்பட்டது மேலே இருப்பவரின் தாள். உங்கள் கம்பெனியில் உங்கள் தாளை அப்படி வைக்க நீங்கள் தயாரா? தயார் இல்லை என்றால் ஊழியர்களிடம் இதைத் தொடங்காதீர்கள்.

## லீடுகளைப் பற்றி மட்டும் கீழிருந்து கேட்பது

முழு வட்டம் வேண்டாம், கீழ்ப்பக்கம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது. 25 பேர் கம்பெனியில் லீட் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். 100 மணி நேரம் 15 மணி நேரமாகச் சுருங்கிவிடும். மேலே பணிவு, கீழே அதட்டல் என்ற ஆளையும் இதிலேயே பிடித்துவிடலாம். 360 டிகிரியிலிருந்து உங்களுக்கு உண்மையில் வேண்டியது பெரும்பாலும் இந்தத் துண்டுதான்.

இதற்குச் சாதகமாக ஓர் ஆய்வும் உண்டு. வாக்கர், ஸ்மிதர் இருவரும் ஐந்து ஆண்டுகள் மேலாளர்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்டது. கீழிருந்து வந்த கருத்தைத் தன் குழுவோடு உட்கார்ந்து பேசிய மேலாளர்கள், பேசாதவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். அதே மேலாளர்கூட, பேசிய ஆண்டில் பேசாத ஆண்டைவிட நன்றாகச் செய்தார். அதாவது கருத்தை வாங்கிப் பூட்டி வைக்காமல், "நீங்கள் சொன்னதில் இந்த இரண்டை எடுத்துக்கொள்கிறேன், இதை இப்போது மாற்ற முடியாது" என்று குழுவின் முன் சொல்ல வேண்டும்.

பெயர் மறைவுச் சிக்கல் இங்கேயும் இருக்கிறது. நாலு பேருக்குக் குறைவாகக் கீழே உள்ள லீடைச் சேர்க்காதீர்கள். கேள்விகளும் ஐந்துக்கு மேல் வேண்டாம். எண்ணுக்குப் பதிலாக "கடந்த மூன்று மாதத்தில் உங்கள் லீட் செய்த, உங்களுக்கு உதவிய ஒரு விஷயம்", "இடைஞ்சலான ஒரு விஷயம்" என்று கேளுங்கள். சம்பவம் கிடைக்கும்.

ஒரு ஆபத்து: சரியான காரணத்துக்காகக் கறாராக இருக்கும் லீட் இதில் அடி வாங்குவார். தரச் சோதனையில் விட்டுக்கொடுக்காதவர், ஷிப்டுக்கு நேரத்துக்கு வரச் சொல்பவர். அறிக்கையைப் படிக்கும் முதலாளிக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

## மாதம் ஒருமுறை நேர்ப்பேச்சு

அடோபி 2012இல் ஆண்டு ரேட்டிங்கை எடுத்துவிட்டு அவ்வப்போது பேசிக்கொள்ளும் முறைக்கு மாறியது. அதன் பிறகு இது பரவலாகிவிட்டது. அரை மணி நேரம், இருவர் மட்டும், லேப்டாப் மூடி. மொழியைப் பற்றி மேலே சொன்ன தொல்லை இங்கே இல்லை. இருவருக்கும் தெரிந்த எந்த மொழியிலும் பேசலாம், தங்கிலீஷில்கூட. தவறு நடந்த வாரத்திலேயே பேசுவதால் சம்பவம் இரண்டு பேருக்கும் நினைவில் இருக்கும்.

மலிவு என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆறு பேரை வைத்திருக்கும் லீடுக்கு மாதம் மூன்று மணி நேரம், ஆண்டுக்கு 36. ஐந்து பேர் கம்பெனியில் எல்லாரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்று விட்டுவிடுவார்கள், அங்கேயும் இது தேவை. வேலைப் பேச்சில் "உனக்கு எப்படிப் போகிறது" என்ற கேள்விக்கு இடமே கிடைப்பதில்லை.

இதன் பெரிய குறை, லீடே பிரச்சினை என்றால் இது வேலை செய்யாது. அவர் முன்னாலேயே அவரைப் பற்றி யார் சொல்வார்கள்? அடுத்தது, எழுத்தில் ஒன்றும் இருக்காது, ஏப்ரலில் சம்பளம் பேசும்போது "எப்போது சொன்னீர்கள்?" என்ற சண்டை வரும். பேசி முடித்ததும் இரண்டு வரி மெயில் போடும் பழக்கம் வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | நேரம் | பெயர் மறைவு | சம்பளத்துக்கு உதவுமா | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| மேலாளர் ரேட்டிங் | குறைவு | கேள்வியே இல்லை | உதவும், காரணம் எழுதித் தந்தால் | எல்லா இடத்திலும், சம்பளத்துக்கு மட்டும் |
| முழு 360 டிகிரி | மிக அதிகம் | சின்னக் குழுவில் நிற்காது | கூடாது | நாற்பதுக்கு மேல் ஆட்கள், லீடுகளுக்கு லீடுகள் உள்ள இடம் |
| கீழிருந்து மட்டும் | நடுத்தரம் | கீழே நாலு பேராவது இருந்தால் நிற்கும் | கூடாது | 15 முதல் 40 பேர் வரை |
| மாத நேர்ப்பேச்சு | ஆண்டு முழுக்கப் பரவும் | இல்லை | ஓரளவு, குறிப்பு வைத்தால் | எல்லா இடத்திலும் |

## யாருக்கு எது

பதினைந்து பேருக்குக் கீழே: நேர்ப்பேச்சும், காரணம் எழுதிய மேலாளர் ரேட்டிங்கும். வேறு எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள்.

பதினைந்து முதல் நாற்பது: அதோடு ஆண்டுக்கு ஒருமுறை லீடுகளைப் பற்றிக் கீழிருந்து. அப்ரைசல் மாதத்தில் வைக்க வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் வைத்தால் சம்பளத்தோடு யாரும் முடிச்சுப் போடமாட்டார்கள்.

பீன்யா, பொம்மசந்திரா மாதிரி ஷாப் ஃப்ளோர் உள்ள இடம்: படிவத்தை மறந்துவிடுங்கள். தொழிலாளிகளோடு அவரவர் மொழியில் பேசக்கூடிய, சூப்பர்வைசரின் ஆள் அல்லாத ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டுத் தொகுக்கட்டும்.

நாற்பதைத் தாண்டி, லீடுகளையே நிர்வகிக்கும் மேலாளர்கள் வந்துவிட்டார்கள் என்றால் 360 டிகிரியை யோசிக்கலாம். அப்போதும் எல்லாருக்கும் இல்லை, அந்த மேலாளர்களுக்கு மட்டும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.

இந்த ஏப்ரலுக்கே எல்லாருக்கும் 360 டிகிரி என்று அறிவித்துவிட்டீர்களா? ரத்து செய்ய வேண்டியதில்லை. படிவம் போவதற்கு முன்னால், இது இன்கிரிமென்டுக்குப் போகாது என்று எழுத்தில் சொல்லுங்கள். எண் கேள்விகளை எடுத்துவிட்டு மேலே சொன்ன இரண்டு கேள்விகளை மட்டும் வையுங்கள். கருத்துச் சொல்பவர்களின் பட்டியலை அவரவரிடம் விடாமல் நீங்களே போடுங்கள், மேசை மாற்றி. முதல் அறிக்கை உங்களைப் பற்றியதாக இருக்கட்டும். அது வந்த வாரத்தில் எல்லாரையும் கூப்பிட்டு அதில் உள்ளதை நீங்களே படித்துக் காட்டிய பிறகு மற்றவர்களின் படிவங்களை அனுப்புங்கள்.